கல்லூரிக்கு வைஃபையா? கம்பியிலிருந்து தொடங்குங்கள்

புதுக்கோட்டை மாவட்டம் மீமிசலில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு கல்லூரி வளாகம். அதற்கு வைஃபை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கொட்டேஷன் வரும். முதல் பக்கத்திலேயே 'வைஃபை 6', 'ஜிகாபிட் வேகம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பெரும்பாலான நிர்வாகங்கள் அதையும் விலையையும் பார்த்தே முடிவெடுக்கின்றன. ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: இணையம் வளாகத்துக்குள் எந்த வழியாக வருகிறது? வந்தது மாணவர் கையில் இருக்கும் போனுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஒரே கருவியை வாங்கி இரண்டுக்கும் விடை கண்டுவிட முடியாது.

முதல் கேள்விக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1990-களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பை உருவாக்கியது. வேகம் விநாடிக்கு 35 முதல் 70 கிலோபிட். மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் அதை நம்பித்தான் திறக்கப்பட்டன. 2010-ஐ ஒட்டி வைமாக்ஸ் என்ற இன்னொரு கம்பியில்லா முறை பெரிதாகப் பேசப்பட்டது. 4ஜி வந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. இன்று கண்ணாடியிழைக் கேபிள் வாசல்வரை வருமென்றால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் கேபிளில் இணைப்பதே தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் இலக்கு. ஊராட்சி அலுவலகம்வரை வந்துவிட்டதா என்பதை முதலில் விசாரித்துவிடுவது நல்லது.

கேபிள் வரவில்லையென்றால் தேனியைப் பார்க்கலாம். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டார ஊர்களில் உள்ள அதன் கண் பரிசோதனை மையங்களையும் 2000-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைஃபையாலேயே இணைத்தார்கள். மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியை மருத்துவமனையிலிருந்தபடியே டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசினார். கடையில் வாங்கிய ரவுட்டரை அப்படியே மாட்டியிருந்தால் இது நடந்திருக்காது. வைஃபை ஒரு தகவலை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்காக மைக்ரோவிநாடிக் கணக்கில்தான் காத்திருக்கும். 15 கி.மீ. போக ரேடியோ அலைக்கே 50 மைக்ரோவிநாடி ஆகும். பதில் வருவதற்குள், போய்ச் சேரவில்லை என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அதனால் இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள். இன்று இதற்கென்றே தயாரான கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன.

மீமிசல் பக்கம் மலை இல்லை, தரை சமம். அதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 15 கி.மீ. இணைப்பு என்றால், இரு முனைகளிலும் உள்ள டிஷ் ஆண்டெனாக்களுக்கு இடையே வரைந்த நேர்கோட்டைச் சுற்றி நடுவழியில் சுமார் 14 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவிச் செல்லும். பூமியின் வளைவும் கொஞ்சம் மேலெழும். எதிர் டிஷ் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. வழியிலுள்ள பனைமர உச்சிகளுக்கும் மேலே அந்த இடைவெளி வேண்டும். கம்பத்தின் உயரத்தை முடிவு செய்வது இந்தக் கணக்குதான்.

இனி வளாகத்துக்குள். மாணவர்கள் அதிகம் சொல்லும் புகார் இது: "சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் வரல." இதன் வேர் 1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளுக்கிடையே தொடங்கிய அலோகாநெட் என்ற கம்பியில்லா வலையமைப்பில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டு தகவலும் வீண். கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். வைஃபை, யாராவது பேசுகிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் அனுப்பும் என்றாலும் காற்று எல்லோருக்கும் பொது. அறுபது பேர் உள்ள வகுப்பில் தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சிப் பாடத்தை ஆளுக்கு 2.5 மெகாபிட் வேகத்தில் வீடியோவாகப் பார்த்தால் 150 மெகாபிட் ஆகிவிடுகிறது. வராந்தாவில் வைஃபை அலையைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை மட்டும் மாட்டி, அது நான்கு வகுப்புகளுக்கும் போதும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கூட்டம் உட்காரும் அறை ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒன்று வேண்டும். அது ஒவ்வொன்றுக்கும் சுவர் வழியாக ஒரு கேபிள் வர வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் இடத்தை 2018-ல் மத்திய அரசு உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. வகுப்பறைக்கு அதுவே ஏற்றது.

எங்கே மாட்டுவது என்பதை வரைபடம் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1990-களிலேயே வளாகம் முழுக்க வயர்லெஸ் போட்டது. அதை முன்னின்று நடத்திய அலெக்ஸ் ஹில்ஸ், அளவுக் கருவிகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, கட்டடத்துக்குள் உருட்டிக்கொண்டே சிக்னலைப் பதிவு செய்யும் முறையை உருவாக்கினார். இன்று ஒரு போனும் இலவசச் செயலியும் இருந்தால் மாணவர்களே அறை அறையாக நடந்து அளந்துவிடலாம்.

வளாகத்துக்கு இணையம் கொண்டுவரச் சிம் போட்ட 5ஜி ரவுட்டர் போதாதா? அந்த டவரைத்தான் ஊரே பகிர்ந்துகொள்கிறது. கேபிள் அறுந்த நாளில் கைகொடுக்கும் மாற்று ஏற்பாடாக அது இருக்கட்டும்.

கடலோரத்துக்கென்று தனிச் செலவுகளும் உண்டு. உப்புக்காற்றில் டிஷ்ஷைவிட அதைப் பிடித்திருக்கும் நட்டும் கிளாம்பும்தான் முதலில் துருவேறும். அவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும், வெளியே போகும் கேபிள் இணைப்புகளுக்கு நீர்புகா உறை வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்து மின்கம்பங்களைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு மின்சாரத்தையும் இணையக் கேபிளிலேயே அனுப்ப முடியும் என்பதால், நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கும் அறைக்கு நல்ல யுபிஎஸ் போட்டாலே கரண்ட் போனபோதும் வைஃபை நிற்காது. இந்தக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் தாங்காது. தூரத்து விடுதிக்கு ஃபைபர்தான்.

எதை யார் அனுப்பினார்கள் என்று தெரிய, மாணவர் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் வேண்டும். 2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டிப் பயங்கரவாதிகள் அனுப்பிய மின்னஞ்சல் நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒருவரின் வைஃபை வழியாகப் போனது. அதன் பிறகு, 2009-ல் தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதற்கான விதிகளைக் கொண்டுவந்தது.

கடைசியாகப் பணம். காலி வகுப்பறையில் வேகச் சோதனை காட்டிக் கையெழுத்து வாங்கிப்போவது எளிது. அறுபது பேரும் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வீடியோ ஓட்டி, தடையில்லாமல் ஓடினால் மட்டுமே இறுதித் தவணை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள நிர்வாகத்துக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.