தண்ணீர் குறையும் முன்பே போய்விடும் அழுத்தம்

மே 4-ஆம் தேதி கத்திரி பிறக்கிறது. அதையொட்டிக் கார்களுக்கு இலவசக் கோடைப் பரிசோதனை முகாம்கள் நடக்கும். காரைக் கொண்டுபோய் விடலாமா என்று கேட்டு வேப்பனப்பள்ளி, குருபரப்பள்ளி, சூளகிரிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒரே குழப்பம்தான். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் குறைகிறது. வண்டிக்கு அடியில் சொட்டு ஈரம் இல்லை. முகாமில் கேட்டால் கசிவே இல்லை என்கிறார்கள்.

தாராளமாக விடுங்கள். ஆனால் அவர்கள் தரும் சீட்டை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முகாம் மொழியில் 'கூலன்ட் பரிசோதனை' என்பது பெரும்பாலும் டேங்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே அளவு நிற்கிறதா என்று பார்ப்பதும், குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவதும்தான். எவ்வளவு போயிருக்கிறது என்று அதில் தெரியும். எந்த வழியாகப் போகிறது என்று தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ரேடியேட்டர் மூடியிலிருந்து தொடங்க வேண்டும். காரிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான சிறு பொருள் அதுதான் என்பேன். அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அத்தனை பார் அழுத்தம் சேரும் வரை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வழிவிடாது. அதற்கு மேல் போனால், சூட்டில் விரிந்த கூலன்டை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளிவிடும். குக்கர் வெயிட் ஆவியை வெளியே விடுவதோடு சரி. இந்த மூடியில் இன்னொரு குட்டி வால்வும் உண்டு. என்ஜின் ஆறி உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது, தள்ளிவிட்ட கூலன்டை அது திரும்ப இழுத்துக்கொள்ளும். சில கார்களில் ரேடியேட்டரில் மூடி இருக்காது, டேங்கின் மூடியே இந்த வேலையைச் செய்யும்.

இந்த அழுத்தம் எதற்கு? குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையைப் பிடித்து, மேலுமலை ஏறி, சூளகிரி தாண்டிப் போய்ச் சேரும் ஓசூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் அதே தண்ணீர் சுமார் 117 டிகிரி வரை தாங்கும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதே 95-ஐ ஒட்டித்தான். மூடியின் ரப்பர் விரிசல் விட்டு, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்துவிட்டால், ஃபேன் ஓடத் தொடங்குவதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் நடுவே இரண்டு டிகிரிதான் மிச்சம். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடும். ஆனால் குறையக் குறையக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் அந்தக் கூடுதலும் கரைந்துவிடும்.

சிறு கசிவில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி குறைவதற்கு முன்பே அழுத்தம் போய்விடுகிறது என்பதுதான் எனக்குக் கவலை தருவது. ஊசிமுனை ஓட்டையில் வெளிவரும் கூலன்ட் சூடான உலோகத்தில் பட்டவுடன் ஆவியாகிவிடும். தரையில் எதுவும் விழாது. உள்ளே எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி நீராவிக் குமிழ்கள் கட்டும். தண்ணீர் எடுத்துச் செல்லும் சூட்டை ஆவியால் எடுத்துச் செல்ல முடியாது. அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். சில நூறு ரூபாய் மூடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஹெட்டை இறக்கும் செலவில் வந்து நிற்கும்.

டாஷ்போர்டு ஊசி காட்டிக்கொடுக்காதா என்று கேட்பார்கள். 'நார்மல்' என்ற அந்த நடுக்கோடு ஒரே ஒரு வெப்பநிலையைக் குறிப்பதில்லை. ஓட்டுபவர் பதறக் கூடாது என்பதற்காகப் பல டிகிரி ஏற்ற இறக்கத்துக்கும் நடுவிலேயே நிற்கும்படி பல நிறுவனங்கள் ஊசியை அமைத்திருக்கின்றன. சென்சார் இருக்கும் இடத்தில் கூலன்டே இல்லாமல் போய்விட்டால் அது காட்டும் கணக்கும் தப்பாகிவிடும்.

ஆகவே பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். என்ஜின் முழுக்க ஆறியபின் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். பம்பில் உள்ள முள் இறங்கினால் கசிவு உண்டு. ஹோஸ் நுனிகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை ஆகிய இடங்களில் ஈரமோ நிறம் ஏறிய படிவமோ இருக்கும். வெளியே எங்கும் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். முன்சீட்டின் கால்விரிப்பு ஈரமாக, இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீட்டர் காயில். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது, கேஸ்கெட் போய்விட்டது. மூடியையும் தனியாக அதே பம்பில் மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் விட்டுவிடுவது இதைத்தான்.

நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் உள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்டைத் தவிர வேறெதையும் வழக்கமாக ஊற்றாதீர்கள்.

மற்ற கேள்விகள்.

'ஆயுட்காலக் கூலன்ட்' மாற்ற வேண்டாமா? துருத்தடுப்பு மருந்து தீரும் வரைதான் அதற்கு ஆயுள். கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கைப் பாருங்கள்.

பச்சையும் சிவப்பும் கலக்கலாமா? நிறம் வெறும் சாயம்; கையேடு சொல்லும் வகையை மட்டும் ஊற்றுங்கள்.

ஏசி போட்டால் சொட்டுகிறதே? நிறமும் பிசுபிசுப்பும் இல்லாவிட்டால் அது ஏசி தண்ணீர்.

கசிவை அடைக்கும் திரவம்? நடுவழியில் நின்றால் வீடு சேர மட்டும். ஹீட்டர் காயிலையும் சேர்த்து அடைத்துவிடும்.

சூட்டில் மூடியைத் திறக்கலாமா? ஒருபோதும் கூடாது, முகம் வெந்துவிடும்.

தரையில் கொட்டினால்? உடனே கழுவுங்கள், இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றும் நக்கும், அது கொடிய விஷம்.

வளைந்த ஹெட்டுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? இயந்திரக் கோளாறு சாதாரண பாலிசியில் சேராது.