சுரங்கவழித் தேர்வும் அதன் நெறியும்

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் தென்முகத்துவாரத்தை அடுத்து, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் இருக்க, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்துண்டே நம் பெரியகல்லாறு. இவ்வூரிற் பிறந்தவர்க்கு வழி என்பதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மட்டுநகருக்குப் பொருளேற்றிச் செல்பவர் கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம், களுவாஞ்சிகுடி என எழுவான்கரைப் பெருவீதியிற் சென்று கல்லடிப் பாலத்தைக் கடப்பர். களுவாஞ்சிகுடிக்கு அப்பால் வீதி தடைப்படின், குருமண்வெளித் துறையில் வண்டியைப் படகுப்பாதையில் ஏற்றி மண்டூரில் இறக்கி, படுவான்கரை வழியே கொக்கட்டிச்சோலையைக் கடந்து வலையிறவுப் பாலத்தால் நகர் புகுதல் நம்மவர் நெடுங்காலம் அறிந்த மாற்றுவழி. எதனை முதலிற் கொள்வது, எப்போது மற்றதற்கு மாறுவது என்னும் முடிவு, புறப்படுமுன்னரே வண்டியோட்டியின் உள்ளத்தில் இருக்கும். மனிதர்க்கு இஃது இயல்பு. பொறிக்கோ எழுதிக் கொடுத்தல் வேண்டும். எழுதாது விடின் நேரும் இடரையும், எழுதும் முறையையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன வேலை என அன்பர் சிலர் வினவக்கூடும். வலையமைப்புத் துறையிற் பணிபுரியும் எம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது கூறிய செய்தியே எம்மை எழுதத் தூண்டியது. ஓரிரவு ஒரு நிறுவனத்தின் கிளைகள் யாவும் தலைமையகத்தோடு தொடர்பிழந்தன. ஒரு வழி பழுதுற்றது உண்மை. ஆயின், பழுதற்ற வேறொரு வழி அருகே திறந்தே கிடந்தது. தரவு அதிற் செல்லவில்லை. “ஐயா, வழி இருந்தது, அதிற் போ என்று சொல்லத்தான் மறந்துவிட்டோம்” என்றார் அவர். ஒரு சொல் இல்லாமையால் விளைந்த கேடு இது. சொல்லையே தொழிலாகக் கொண்ட எமக்கு அது மனத்தில் தைத்தது.

முதற்கண், வீ.பீ.என். எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு யாதெனக் காண்போம். ஒரு வங்கிக்குக் கொழும்பிலும் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பணிமனைகள் உள எனக் கொள்க. அவற்றை இணைக்கத் தனக்கெனக் கம்பி இழுத்தல் பெருஞ்செலவு. ஆதலின், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொதுக் கம்பிகளையே வங்கி வாடகைக்குக் கொள்கிறது. அதே கம்பிகளில் வைத்தியசாலையின் தரவும் கடையின் தரவும் ஓடும். எனினும் ஒருவர் தரவு மற்றவரிடம் சென்று சேரலாகாது. இதற்குரிய முறையொன்றை எரிக் றோசன், யாகோவ் றெக்ற்றர் என்னும் அறிஞர் இருவர் 1999 இல் ஆர்.எஃப்.சி. 2547 என்னும் ஆவணத்தில் வெளியிட்டனர். 2006 இல் வந்த ஆர்.எஃப்.சி. 4364 அதன் இடத்தைப் பெற்றது.

அம்முறை தபாலை ஒத்தது. கடிதத்தை உறையிலிட்டு, உறையைத் தபாற்பையில் இடுகிறோம். உறையின் குறி இது எந்த வாடிக்கையாளருக்குரியது என்பதைக் காட்டும்; பையின் குறி எவ்வூர்க்கு என்பதைக் காட்டும். இடையிலுள்ள தபாலகங்கள் பையின் குறியை மட்டுமே நோக்கும். இங்குக் குறியாவது லேபல் என்னும் எண். 4 பைற்று நீளமுள்ள சிறு தலைப்பில் 20 பிற்று இவ்வெண்ணுக்கு உரியது. எனவே 1,048,576 வேறுவேறு எண்கள் அமையும். றவுட்டர் என வழங்கும் வழிப்படுத்தி ஒன்று நிறுவன வலையமைப்பின் இவ்விளிம்பில் நிற்கும். மற்றொன்று அவ்விளிம்பில் நிற்கும். இவ்விரண்டிற்கும் இடையே பை செல்லும் வழியே சுரங்கவழி எனப்படும். ஒன்று நினைவிற் கொள்க: இது தரவைப் பிரித்து வைக்குமேயன்றி மறைமொழியாக மாற்றாது. மறைத்தல் வேண்டின் அதற்கு வேறு ஏற்பாடு செய்தல் வேண்டும்.

சுரங்கவழிகளுள் முக்கியமானவை மூன்று. முதலாவது எல்.டீ.பீ. வழி. வழிப்படுத்திகள் தமக்குள் லேபல்களைப் பரிமாறி, செலவு குறைந்த வழியிலே தாமாக அமைத்துக் கொள்வது. எல்லாரும் செல்லும் பெருவீதியை ஒத்தது. இரண்டாவது டீ.ஈ. வழி. இன்ன இடங்களினூடாகச் செல்க, இவ்வளவு கொள்திறன் இதற்கு ஒதுக்குக எனப் பொறியியலாளர் வகுத்துக் கொடுப்பது. அனுமதி பெற்ற வண்டிக்கென ஒதுக்கிய தடத்தை ஒத்தது. மூன்றாவது ஜீ.ஆர்.ஈ. வழி. 1994 இல் முதன்முதல் ஆவணமாக வெளிவந்த இம்முறை, தரவுப்பொதியை முழுமையாக வேறொரு பொதியினுள் ஏற்றிச் செல்வது. வண்டியை இறக்காமல் அப்படியே படகுப்பாதையில் ஏற்றுதல் போன்றது. இடைநிலை வழிப்படுத்திகள் லேபலை அறியாதனவாயினும் இது செல்லும். ஆயின் சுமை கூடும்: புறத்தலைப்பு 20 பைற்று, ஜீ.ஆர்.ஈ. தலைப்பு 4 பைற்று, ஆக 24 பைற்று மிகும். 1500 பைற்று எல்லையுள்ள இணைப்பிற் பெரும்பொதிகள் இதனால் துண்டாடப்படவோ தடைப்படவோ கூடும்.

இனி, தேர்வு நெறிக்கு வருவோம். வழி இருத்தல் வேறு, அவ்வழி கொள்ளப்படுதல் வேறு. ஹூவாவே நிறுவனத்தின் வழிப்படுத்திகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நெறி எதுவும் எழுதப்படாவிடின், அவை பொதுவாக எல்.டீ.பீ. போன்ற லேபல் வழி ஒன்றையே வீ.பீ.என். தரவுக்குத் தேர்ந்தெடுக்கும். வங்கிக்கென அரிதின் முயன்று டீ.ஈ. வழி அமைத்த பொறியியலாளர், தரவு பழைய பெருவீதியிலேயே நெரிசலிற் செல்லக் கண்டு திகைப்பதற்குக் காரணம் இதுவே. வழியை அமைத்தார், அதைக் கொள்ளுமாறு கட்டளையிட்டாரல்லர்.

நெறி இருவகைப்படும். ஒன்று முறைவரிசை. டீ.ஈ. முதலில், எல்.டீ.பீ. அடுத்து, ஜீ.ஆர்.ஈ. இறுதியில் என எழுதி, ஒரே வேளையில் எத்தனை வழிகளிற் சுமையைப் பகிர்வது என்னும் எண்ணையும் குறித்தல் வேண்டும். எண் 1 ஆயின், டீ.ஈ. வழி இயங்கும்வரை அதுவே கொள்ளப்படும். அது வீழின் அடுத்த வகைக்கு மாறும். எண் 2 ஆகி, டீ.ஈ. வழி ஒன்றே இருப்பின், குறையை எல்.டீ.பீ. வழியொன்று நிரப்பும். தனித்தடத்திற்கெனக் கட்டணம் செலுத்திய வாடிக்கையாளரின் தரவிற் பாதி பொதுவீதியிற் போய்விடும் என்பதை அறியாது 2 என எழுதுதல் பிழை.

மற்றையது பிணைப்பு. இன்ன விளிம்பு வழிப்படுத்திக்குச் செல்லும் இந்த வீ.பீ.என். தரவு, பெயர் குறித்த இந்த டீ.ஈ. வழியிலேயே செல்லுதல் வேண்டும் எனக் கட்டுதல். அந்த டீ.ஈ. வழியும் பிணைப்புக்கென ஒதுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட வேண்டும். தரம் குன்றாச் சேவைக்கு இது சிறந்தது. ஆயின் இதில் ஓர் இடர் உண்டு. பிணைத்த வழி வீழ்ந்தால் பிற வழிக்கு இறங்குக என்னும் கூற்றைச் சேர்த்தாலன்றி, பொறி இறங்காது. ஏவியபடியே நின்று தரவை இழக்கும். எம் மாணவர் கூறிய இரவில் நிகழ்ந்தது இதுவே.

நெறியை எழுதியபின் அதனை உரிய வீ.பீ.என்னுடன் பொருத்துதல் வேண்டும். பொருத்தாத நெறி ஏட்டுச் சுரைக்காயே. மேலும், போகும் தரவுக்கு இவ்விளிம்பின் நெறியும், வரும் தரவுக்கு அவ்விளிம்பின் நெறியும் செல்லும். ஒரு முனையில் மட்டும் எழுதி அமைதல் பாதி வேலை. முடிவில், முதல்வழியை வேண்டுமென்றே நிறுத்தித் தரவு மாறுகின்றதா எனப் பகலிலேயே சோதித்தல் நன்று.

இன்னுமொன்று. சுரங்கவழிகள் மூன்றாயினும் அவை ஓடும் கம்பி ஒன்றாயின், மூன்றும் ஒருங்கே அறும். 2008 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அண்மையில், நம் நாட்டையும் தொடும் சீ-மீ-வீ 4 கடலடி வடமும் ஃபிளாக் என்னும் வடமும் ஒரே நாளிற் பழுதுற, இந்தியா முதலிய நாடுகளின் இணையம் தளர்ந்தது. வடம் இரண்டு; ஒடுக்கம் ஒன்று. பின்னர் மாத்தறையிற் கரையேறிய சீ-மீ-வீ 5 வடமும் எகிப்தினூடாகவே ஐரோப்பா செல்கிறது. பாலம் ஒன்றே உள்ள ஊரில் வண்டிகளின் பெயரை மாற்றுவதால் வழி இரண்டாகாது என்பதை நம்மூரார்க்கு நாம் சொல்ல வேண்டுமோ?

ஆகவே, இத்துறை புகும் எம் மாணவச் செல்வங்கட்கு நாம் கூறுவது இதுவே: எவ்வழி சிறந்தது என்று எழுதுவதோடு நில்லாதீர், அச்சிறந்த வழி இல்லாதபோது யாது செய்வது என்பதையும் எழுதுங்கள். முதலாவதை எவரும் எழுதுவர். இரண்டாவதை எழுதுபவரே பொறுப்புணர்ந்தவர். பல நாடுகளிலும் பரந்து பணிபுரியும் நம் பழைய மாணவர்கள் தாம் கற்ற இத்தகைய நுட்பங்களைத் தமிழில் எழுதி, இளையோர்க்கு வழங்குவாராக. அவர்களை ஆளாக்கிய கல்லூரி அன்னை நீடு வாழ்க!