சின்ன வீட்டில் தரை யாருக்கு?



கல்வி உதவி விண்ணப்பங்களுக்காக செவ்வாப்பேட்டையில் வீடு வீடாகச் செல்லும்போது நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. ஒரே அறை. காக்களூர் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அத்தா கட்டிலில் தூங்குகிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் அடுப்படி வாசலில் புத்தகத்தை மடியில் வைத்திருக்கிறாள். பாட்டிக்கு அஸர் தொழ விரிப்பு விரிக்க இடமில்லை. "வீடு பத்தலைங்க" என்கிறார்கள். அடுத்த பேச்சு, குழுக்கடன் வாங்கி இன்னொரு அறை போடலாமா என்பதுதான்.

கடன் வாங்குவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து அளந்து பார்ப்போம்.

10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. அதில் இரட்டைக் கட்டில் 39 சதுர அடி. மூன்று பேர் உட்காரும் சோபா 15. பீரோவும் அதன் கதவு திறக்க வேண்டிய இடமும் 10. டிவி ஸ்டாண்ட் 6. ஆக, 70 சதுர அடி சாமான்களுக்கே போய்விட்டது. மனிதர்களுக்கு மிஞ்சியது 50. கட்டிலில் நாம் படுப்பது எட்டு மணி நேரம். அது இடத்தை அடைப்பதோ இருபத்து நான்கு மணி நேரமும்.

கட்டில் இல்லாவிட்டால் 89 சதுர அடி கிடைக்கும். ஒருவர் பாய் விரிக்க 15 சதுர அடி போதும். ஐந்து பேர் படுக்கலாம். காலையில் சுருட்டி வைத்தால் அதே இடத்தில் உண்ணலாம், படிக்கலாம், தொழலாம். முழங்கால் வலியுள்ள பெரியவருக்குக் கட்டில் அவசியம்தான். அவருக்கு ஒற்றைக் கட்டில் போட்டு, அதன் அடியில் பெட்டிகளைத் தள்ளி வைக்கலாம்.

இனி, செலவு குறைந்த சில வழிகள்.

சாமானைத் தரையிலிருந்து சுவருக்கு ஏற்றுங்கள். கதவுக்கு மேலும் மூலைகளிலும் ஷெல்ஃப் அடிக்கலாம். ஆனால் படுப்பவர் தலைக்கு மேல் கனமான பொருள் வேண்டாம்.

ஜன்னலை மறைத்து பீரோ நிறுத்தாதீர்கள். வெளிச்சம் வரும் அறை பெரிதாகத் தெரியும். வெள்ளை அல்லது வெளிர் நிறச் சுவர் அதற்குத் துணை செய்யும். காற்றோட்டம் அதைவிட முக்கியம். காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. அடைத்த அறையில் அது நெடுநேரம் தங்கும்.

படிக்கும் பிள்ளைக்கு இரண்டடிப் பலகை ஒன்றைக் கீல் வைத்துச் சுவரில் பொருத்துங்கள். படிக்கும்போது இறக்கிக்கொள்ளலாம், முடிந்ததும் மடக்கிவிடலாம். தச்சருக்கு இது சிறிய வேலை.

பகலில் தூங்குபவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே கம்பி கட்டி, அடர்ந்த நிறத் திரை போடுங்கள். விருந்தினர் வரும்போது வீட்டுப் பெண்களுக்கும் அது மறைப்பாகும். அடுப்புக்கு அருகில் மட்டும் திரை கூடாது.

ஒரு வருடமாகக் கையில் எடுக்காத பாத்திரம், துணி, உடைந்த நாற்காலி ஆகியவற்றை வெளியேற்றுங்கள். நல்ல நிலையில் உள்ளதைத் தேவைப்பட்டவருக்குக் கொடுத்தால் அது ஸதகா. நமக்கும் இடம் கிடைக்கும்.

இடத்தைப் போலவே நேரத்தையும் பங்கிட வேண்டும். மாலை ஆறு முதல் எட்டு வரை டிவி அணைந்திருந்தால் அந்த அறையே படிப்பறை ஆகிவிடும்.

விசாலமான வீட்டை நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவர்கள் வாழ்ந்த அறையோ சிறியது. இரவில் அவர்கள் தொழும்போது எதிரே படுத்திருந்த ஆயிஷா (ரலி) அவர்கள், ஸஜ்தாவுக்கு இடம் விட்டுத் தம் கால்களை மடக்கிக்கொள்வார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒருவருக்கொருவர் இடம் விடும் பழக்கம் இருந்தால் சிறிய வீடும் போதுமானதாகும்.

கடைசியாக, சங்கடமான ஒரு விஷயம். நாம் பார்க்கும் வீடுகளில் தரையை அடைத்திருக்கும் கட்டிலும் பீரோவும் சோபாவும் பெரும்பாலும் நிக்காஹ்வின்போது பெண் வீட்டிலிருந்து வந்தவை. பல தகப்பன்மார்கள் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் அவற்றை அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கடன் தீரவில்லை. இங்கே மருமகளுக்குக் கால் நீட்ட இடமில்லை.

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டும் வீடே 360 சதுர அடிதான். அதற்குள் சமையலறையும் அடங்க வேண்டும். நம் வாடகை வீடுகள் பல அதைவிடச் சிறியவை. ஆகவே மகனுக்குப் பெண் பேசும் பெற்றோரே, முதலில் உங்கள் அறையை அளந்து பாருங்கள். "எங்க வீட்ல இடம் இல்லை சம்பந்தி, சாமான் எதுவும் வேணாம், பிள்ளைய மட்டும் அனுப்புங்க" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் இன்ஷா அல்லாஹ் இரண்டு வீடுகள் விசாலமாகும்.