அந்தோபகாஸ்தா: பாலைநிலத் துறைமுக நகரின் புவியியலும் சுரங்கத் தொழிலும்

முன்னுரை

சிலி நாட்டின் வடபகுதியில், பசிபிக் பெருங்கடலுக்கும் அட்டகாமா பாலைநிலத்திற்கும் இடையே அமைந்த துறைமுக நகரம் அந்தோபகாஸ்தா. கனிம வளத்தால் செழித்த இந்நகரில் வற்றாத ஆறு இல்லை, மழையும் அரிது. இதன் புவியியலும் தொழிலும் நீர்த் தேவையால் பிணைக்கப்பட்டுள்ள தன்மையை இக்கட்டுரை விளக்குகிறது.

புவியியல் அமைப்பு

மகரரேகைக்குச் சற்றுத் தெற்கே அமைந்த இந்நகரில் கடற்கரை மலைத்தொடர் கடலை ஒட்டியே செங்குத்தாக எழுகிறது. அதனால் குடியிருப்புகள் குறுகிய கரைச்சமவெளியில் வடக்குத் தெற்காக நீண்டுள்ளன. குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மழை உருவாவதைத் தடுக்கிறது. 'கமஞ்சாக்கா' என்னும் மூடுபனியே ஈரத்தைக் கொணர்கிறது. எனினும் 1991 ஜூன் 18 அன்று பெய்த சில மணிநேர மழையில், வறண்ட ஓடைகளின் வழியே சேற்றுப்பெருக்கு இறங்கி 90-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வெடியுப்பும் செம்பும்

19-ஆம் நூற்றாண்டில் பொலிவியாவின் ஆட்சிக்குட்பட்டிருந்த இந்நகரை வெடியுப்பு வணிகமே வளர்த்தது. 1878-இல் பொலிவியா அதன் ஏற்றுமதிக்குக் குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி விதித்தது. இப்பூசல் முற்றி, 1879 பிப்ரவரி 14 அன்று சிலிப் படைகள் நகரைக் கைப்பற்றின. பசிபிக் போர் மூண்டது. 1904 உடன்படிக்கை இப்பகுதியைச் சிலிக்கு உரிமையாக்கியது.

செயற்கை நைட்ரேட்டின் வரவால் வெடியுப்புத் தொழில் நலிய, செம்பு முதன்மை பெற்றது. உலகின் மிகப்பெரிய செம்புச் சுரங்கமான எஸ்கொண்டிடா 1990-இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் செறிவூட்டப்படும் தாது, குழம்பு வடிவில் குழாய்வழி இறங்கி, நகருக்குத் தெற்கேயுள்ள கொலோசோ துறைமுகத்தை அடைகிறது.

நீரும் நலவாழ்வும்

பெருகிய மக்கள்தொகைக்காக 1958-இல் ஆண்டிஸ் மலையாற்று நீர் குழாய்வழி கொண்டுவரப்பட்டது. அந்நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் கலந்திருந்தது. அதன் அளவு லிட்டருக்கு 0.8 மில்லிகிராமுக்கும் மேல். உலக நலவாழ்வு அமைப்பின் இன்றைய வழிகாட்டு அளவு 0.01 மில்லிகிராம். 1970-ஐ ஒட்டிச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்த பின்னரும், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இறப்புகள் பல பத்தாண்டுகள் உயர்ந்தே காணப்பட்டன. நச்சு நீங்கினும் அதன் விளைவு நீங்கவில்லை.

2003 முதல் நகரம் கடல்நீரைக் குடிநீராக்கிப் பயன்படுத்துகிறது. எஸ்கொண்டிடாவும் கொலோசோவில் உப்பு நீக்கிய நீரையே மேலேற்றுகிறது. இதனால் மேட்டுநில நிலத்தடி நீருக்கு நேரும் சுமை குறைகிறது. ஆயினும் நீரை அவ்வுயரத்திற்கு ஏற்றப் பெருமளவு மின்னாற்றல் தேவைப்படுகிறது.

முடிவுரை

மலையிலிருந்து தாது கடலுக்கு இறங்குகிறது. கடலிலிருந்து நீர் மலைக்கு ஏறுகிறது. இவ்விரு குழாய்களே நகரின் பொருளியலைத் தாங்குகின்றன. சுரங்க நகரங்களை ஆராய்வோர் கனிம இருப்பைப் போலவே, நீரின் மூலம், தரம், செலவு ஆகியவற்றையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதை அந்தோபகாஸ்தா உணர்த்துகிறது.