ஆடிட்டர் ஆபீசில் ஒரு மாதம்



"ஆடிட்" என்ற சொல்லைக் கேட்டாலே நம் குழுக்களில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். கணக்குப் பார்க்க ஆள் வருகிறார் என்றால், "யாரோ புகார் கொடுத்திருக்காங்க போல" என்றுதான் முதல் பேச்சு வருகிறது. திண்டுக்கல் பக்கம் நம் குழு ஒன்றின் பிரதிநிதியுடைய மகள் பி.காம் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு, மே மாத விடுமுறையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போய் வந்தார். அவர் சொன்னது நமக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சம்பளம் கிடையாது, பஸ் காசு மட்டும். முதல் வாரம் முழுக்க பில் அடுக்குகிற வேலைதான். "ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு வருஷத்துப் பில்லையும் அரிசிச் சாக்குல கட்டிக் கொண்டுவந்து வச்சிட்டுப் போயிட்டார் அக்கா. அதை மாசம் மாசமா, தேதி வாரியா பிரிச்சு கோப்புல கோத்தோம். பாதி பில்லுல எழுத்தே மங்கிப் போச்சு" என்றார். வீட்டில் அம்மா, "இதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று கேட்டாராம்.

இரண்டாவது வாரம் அங்கே ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிற ஒரு பெண் இவர் கையில் பச்சைப் பென்சிலைக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் எழுதியிருக்கிற ஒவ்வொரு செலவுக்கும் அதற்குரிய சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். தேதி சரியா, தொகை சரியா, எதற்காகக் கொடுத்தது, வாங்கியவர் கையெழுத்து இருக்கிறதா? எல்லாம் இருந்தால் பச்சையில் ஒரு டிக். சீட்டு இல்லை என்றால் தனித்தாளில் அந்தத் தொகையைக் குறித்து வைக்க வேண்டும். இதற்கு 'வவுச்சிங்' என்று பெயர். கடைசியில் அந்தத் தாளைக் கடைக்காரரிடம் கொடுத்து, "இதுக்கெல்லாம் சீட்டு இருக்குங்களா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான். "ஏன் எடுத்தே?" என்று யாரும் கேட்பதில்லை. ஆடிட்டருடைய சொந்தத் தம்பி கடைக்கும் அதே பச்சைப் பென்சில்தானாம். இன்னொன்றும் முதல் நாளே சொல்லிவிட்டார்களாம்: இங்கே பார்க்கிற கணக்கைப் பஸ்ஸில்கூடப் பேசக் கூடாது. (நம் கூட்டத்தில் பேசுகிற கடன் விவரம் சாயங்காலத்துக்குள் குழாயடிக்குப் போய்விடுகிறதே, அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.)

ஆடிட்டர் ஆகணும்னா நம்ம பிள்ளைகளால் முடியுமா என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். முடியும். பவுண்டேஷன், இன்டர்மீடியட், பைனல் என்று மூன்று கட்டத் தேர்வு. பி.காம் படிப்பில் 55 சதவீதம் வாங்கியவர்கள் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். நடுவில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி. முன்பு 3 ஆண்டாக இருந்ததை 2023-ல் கொண்டுவந்த புதிய முறையில் 2 ஆண்டாகக் குறைத்திருக்கிறார்கள். தேர்வு கடினம், பலமுறை எழுத வேண்டி வரலாம். தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

இனிதான் விஷயம். பயிற்சி முடிந்து வந்த மகள், மே 31-ம் தேதிக்கு அம்மாவின் குழுக் கணக்கைப் பார்த்தார். ரொக்கப் புத்தகத்தில் வங்கி இருப்பு ரூ.23,460. பாஸ்புக்கில் வரவு வைத்து வாங்கிப் பார்த்தால் ரூ.19,322. இடையில் ரூ.4,138 குறைகிறது! அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. "ஊரே என்னைத்தான் சொல்லும். நீயே என்னை மாட்டிவிடுறியா?" என்று மகளைத் திட்டித் தீர்த்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

மகள் விடவில்லை. ஆபீசில் கற்ற வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைப் போட்டார். பெயர்தான் பெரிது, வேலை எளிது. பாஸ்புக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருப்பதை டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும். டிக் விழாமல் நிற்பதுதான் வித்தியாசத்துக்குக் காரணம். நான்கு நின்றன. தவணை ரூ.6,200-ஐ வங்கியே 28-ம் தேதி சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. கூட்டம் 25-ம் தேதியே முடிந்துவிட்டதால் நம் புத்தகத்தில் ஏறவில்லை. காசோலைப் புத்தகக் கட்டணம் வரியோடு ரூ.118 பிடித்திருந்தார்கள். வங்கி கொடுத்த வட்டி ரூ.180-ஐ நாம் எழுதவில்லை. இந்த மூன்றையும் எழுதினால் நம் புத்தகத்தில் ரூ.17,322 வரும். ஆனால் ரூ.2,000-க்கு ஒரு உறுப்பினருக்கு உள்கடனாகக் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கே போகவில்லை. "பள்ளிக்கூடம் திறக்கும்போது மாத்திக்கலாம்னு" அதை அவர் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஆகவே பாஸ்புக்கில் அந்த 2,000 கூடுதலாக நிற்கிறது. 17,322-உடன் 2,000 சேர்த்தால் 19,322. ஒரு ரூபாய்கூடத் தப்பவில்லை. (காசோலைக்குத் தேதியிலிருந்து 3 மாதம்தான் ஆயுள். பெட்டியில் வைத்து மறந்துவிடாதீர்கள்.)

அந்தக் குழுவுக்கு மாதாமாதம் போய்ப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். பாஸ்புக்கை ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. இதில் என் தப்பும் இருக்கிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கைரொக்கம் புத்தகப்படி ரூ.1,490 இருக்க வேண்டும். பெட்டியை எண்ணினால் ரூ.640. ரூ.850-க்குச் சீட்டே இல்லை. இதைக் கூட்டத்தில் சொல்வதா வேண்டாமா என்று தாயும் மகளும் என்னிடம் கேட்டார்கள். சொல்லுங்கள் என்றேன், எனக்கும் பயம்தான்.

ஜூன் மாதக் கூட்டத்தில் பிரதிநிதி எழுந்து, பட்டியலைப் படித்துவிட்டு, "இந்த எண்ணூத்தி அம்பதுக்கு எங்கிட்ட கணக்கில்ல" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இரண்டு பேர், "வங்கிக்கு எல்லாரும் கையெழுத்துப் போடப் போனோமே, அந்த ஆட்டோவுக்கு ஐநூறு கொடுத்தீங்கக்கா" என்று ஞாபகப்படுத்தினார்கள். அதைத் தீர்மானத்தில் எழுதி, ஆட்டோக்காரரிடம் கையெழுத்து வாங்கி வவுச்சர் போட்டார்கள். மீதி ரூ.350 யாருக்கும் நினைவில்லை. பிரதிநிதி முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தார். வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை, எடுத்தீர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் அவரே பிரதிநிதி என்று அன்றைக்கே கை தூக்கினார்கள்.

இப்போது அந்தக் குழுவில் மாதக் கடைசியில் வரவு வைத்த பாஸ்புக் இல்லாமல் கூட்டம் தொடங்குவதில்லை. பெட்டியை எண்ணுவது சுழற்சி முறையில் வேறு வேறு உறுப்பினர். வவுச்சர் புத்தகம் ஒன்று வாங்கிவிட்டார்கள். அதன் முதல் வவுச்சரே அந்தப் புத்தகம் வாங்கிய செலவுக்குத்தான். பட்டியல் போடுகிற முறையை நேரில் பார்க்க விரும்பும் குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு ரொக்கப் புத்தகம், பாஸ்புக் இரண்டையும் எடுத்து வையுங்கள். வரும்போது பச்சைப் பென்சில் நான் கொண்டுவருகிறேன்.