நகைப் பட்டறைப் புகையும் ஆண் மலட்டுத்தன்மையும்

திருமணமாகிச் சில ஆண்டுகள் கடந்தும் குழந்தைப்பேறு இல்லையெனில், நம் குடும்பங்களில் பரிசோதனைக்கு முதலில் அனுப்பப்படுபவர் மனைவியே. ஆனால், குழந்தையில்லாத இணையருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் உடல்நிலையும் ஒரு காரணமாக உள்ளது. அதற்கு அவர் செய்யும் தொழிலும் காரணமாகலாம். தியாகராய நகர், மயிலாப்பூர் போன்ற பகுதிகளில் நகைப் பட்டறைகளில் பணிபுரிவோர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

காட்மியம் எங்கிருந்து வருகிறது?

நகைகளைப் பற்றவைக்கும் பொடியில் தங்கத்துடன் காட்மியத்தைக் கலக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ‘கே.டி.எம். நகை’ என்னும் பெயர் இவ்வுலோகத்தைக் குறித்ததே. தங்கம் 1,064 பாகை செல்சியசில் உருகும். காட்மியமோ 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சுடரின்மேல் குனிந்து பணிபுரிபவரே அப்புகையைச் சுவாசிக்கிறார். ஹால்மார்க் நகைகளில் காட்மியத்திற்கு அனுமதியில்லை. எனினும், பழைய நகைகளை உருக்கும்போதும் பழுதுபார்க்கும்போதும் அது வெளிப்படும். கே.டி.எம். நகையை அணிபவர் அஞ்ச வேண்டியதில்லை.

உடலில் என்ன நிகழ்கிறது?

காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கி அதனைச் சேதப்படுத்தும். விந்தகத்தைக் காக்கும் தடுப்பமைப்பைச் சிதைத்து, விந்தணு உற்பத்தியையும் பாதிக்கும் என விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. இரத்தத்தில் காட்மியம், ஈயம் ஆகியவை மிகுந்துள்ள ஆண்களிடம் விந்தணுக்களின் எண்ணிக்கையும் அசைவும் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. சிகரெட் புகையிலும் காட்மியம் உண்டு. புகைபிடிக்கும் தொழிலாளர்க்குப் பாதிப்பு இருமடங்கு வழிகளில் வந்து சேர்கிறது.

தற்காத்துக்கொள்வது எவ்வாறு?

• காட்மியம் கலவாத பொடியையே பயன்படுத்துங்கள்.
• புகையை வெளியேற்றும் விசிறியைச் சுடருக்கு அருகில் பொருத்துங்கள். துணி முகக்கவசம் உலோகப் புகையைத் தடுக்காது.
• பட்டறைக்குள் உண்பதையும் புகைபிடிப்பதையும் தவிருங்கள்.
• குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இருக்கும் அறையில் உலோகத்தை உருக்காதீர்கள்.
• பணிக்குப் பின் சில மணி நேரத்தில் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லையெனில், கணவன், மனைவி இருவரும் ஒன்றாகவே மருத்துவரை அணுகுங்கள். விந்துப் பரிசோதனை எளியது, வலியற்றது. உங்கள் தொழிலை மருத்துவரிடம் மறவாது கூறுங்கள். தேவையெனில் இரத்தம், சிறுநீர் ஆகியவற்றில் உலோக அளவைப் பரிசோதிக்க அவர் பரிந்துரைப்பார். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். ஆதலால், புகையிலிருந்து விலகி மூன்று மாதங்கள் கழித்தே மறுபரிசோதனை பயன்தரும். உடலில் சேர்ந்த காட்மியம் எளிதில் நீங்காது என்பதால், வருமுன் காத்தலே சிறந்த வழி.