காசு கொடுத்தாலும் சொந்தமில்லை!

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. மூன்று வருஷத்துக்கு முன், நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து ஏலக்காய், மிளகு, வீட்டில் அரைத்த மசாலாப் பொடிகளை வெளியூருக்கு அனுப்பி விற்க ஆரம்பித்தோம். தெரிந்த பையன் ஒருவன், 30,000 ரூபாய் வாங்கிக் கொண்டு வெப்சைட் செய்து கொடுத்தான்.

போன தீபாவளி சமயம், விலையை மாற்றச் சொன்னால், "இப்ப நேரமில்லைக்கா" என்று இழுத்தடித்தான். "சரிப்பா, புரோகிராமைக் கொடு. வேற ஆளை வச்சுப் பார்த்துக்கறோம்" என்றேன். "அது நான் எழுதினது, தர முடியாது" என்று சொல்லி விட்டான். வெப்சைட்டின் பெயரைக் கூட தன் பேரில்தான் பதிவு செய்திருந்தான்! தீபாவளி ஆர்டர் அத்தனையும் போச்சு.

'கூலி கொடுத்துத் தைத்த ஜாக்கெட் நமக்குத்தானே சொந்தம்?' என்ற கோபத்தோடு, வக்கீலான என் சித்தப்பாவிடம் போனேன். அவர் சொன்னதைக் கேட்டுத் தலை சுற்றியது.

1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, கம்ப்யூட்டர் புரோகிராமும் கதை, கட்டுரை மாதிரி ஓர் இலக்கியப் படைப்புதானாம். எழுதியவர்தான் முதல் சொந்தக்காரர். சம்பளத்துக்கு இருப்பவர், வேலையாக எழுதினால் முதலாளிக்குச் சொந்தம். வெளி ஆள் என்றால், கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் நமக்கு மாறும். ஆனால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாண போட்டோ, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், நமக்கே சொந்தமாம்!

எழுதி வாங்கும்போதும் கவனம் வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருஷம்தான் செல்லும். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

எங்கள் மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாட்டுகள் யாருக்குச் சொந்தம் என்று ஐகோர்ட் வரை வழக்கு போனதைப் படித்தபோது, 'நமக்கென்ன' என்று இருந்தேன். அதே கேள்வி என் வீட்டு வாசலுக்கும் வந்து விட்டதே!

கடைசியில் பெரியவர்களை வைத்துப் பேசி, பெயரை மட்டும் எங்கள் பேருக்கு மாற்றினோம். புரோகிராமை வேறு ஒரு பெண்ணிடம் புதிதாக எழுத வைத்தோம். இந்த முறை, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, புரோகிராமும், படங்களும், பாஸ்வேர்டுகளும் எங்களுக்கே என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு விட்டோம்.

தோழியரே, 'தெரிஞ்ச பையன்தானே' என்று நீங்களும் இருந்து விடாதீர்கள்!

- ஒரு வாசகி, போடிநாயக்கனூர்.